சாயத்தண்ணீரில் கரண்ட் வருமா? – எங்கள் குடும்பக் குழுவில்

பழனிச்சாமி மாமா: சாயத்தண்ணீரில் பாக்டீரியாவை விட்டால் தண்ணீரும் சுத்தமாகும், கரண்டும் வரும் என்று ஒரு வீடியோ வந்தது. கவி, நீ படிப்பது இதுதானே, நிஜமா கண்ணு?

கவி: நிஜம்தான் மாமா. 1911-லேயே இங்கிலாந்தில் பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர் நுண்ணுயிரிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டிவிட்டார். கழிவைத் தின்னும் பாக்டீரியா எலக்ட்ரானை வெளியே விட்டாக வேண்டும், வழக்கமாக அதை ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும், காற்றுப் புகாத தொட்டியில் கார்பன் தகட்டை வைத்தால் சில வகைகள் தகட்டிடம் கொடுக்கும், அது வயர் வழியாக அடுத்த பக்கத் தகட்டுக்கு ஓடும், அதுதான் கரண்ட்.

செல்வி அத்தை: சாயம் எங்கே போகும்?

கவி: அசோ என்ற சாய வகைக்கு நிறம் கொடுப்பதே இரண்டு நைட்ரஜன் சேர்ந்த பிணைப்புதான் அத்தை. எலக்ட்ரான் கிடைத்தால் அது உடையும், நிறம் போய்விடும். ஆனால் உடைந்த துண்டுகள் அரோமேட்டிக் அமீன்கள் என்ற ரசாயனங்கள், சிலது சாயத்தை விட விஷம். அப்புறம் காற்று ஊதும் தொட்டியில் விட்டு அதையும் சிதைக்க வேண்டும். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று யார் பாட்டிலைக் காட்டினாலும் நம்பிவிடாதீங்க.

பிரபு: எங்கள் சாயப்பட்டறையை ஓட்டும் அளவுக்குக் கரண்ட் வருமா? எங்களுக்குத் தண்ணீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் எவாப்பரேட்டர் செலவுதான் தாங்கவில்லை.

கவி: வராது அண்ணா. இப்படி ஒரு தொட்டியில், அதாவது ஒரு செல்லில், 1 வோல்ட் கூட நிற்காது, சாயமும் எலக்ட்ரானைப் பிடுங்குவதால் இன்னும் குறையும். எனக்கு இதில் பிடித்தது வேறு. இப்போது கழிவைச் சிதைக்க இரவும் பகலும் காற்று ஊதும் ப்ளோயர் ஓடுகிறது, சேறும் குவிகிறது. முதல் கட்டத்தை இது செய்தால் இரண்டும் குறையும்.

பழனிச்சாமி மாமா: உப்பு?

கவி: அதைத் தொடவே தொடாது மாமா. பருத்தியில் சாயம் ஏறக் கொட்டும் உப்பு அப்படியே நிற்கும், அதை வடிகட்டும் ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் இருந்தே ஆக வேண்டும்.

அப்பச்சி: நொய்யல் ஆற்றுப் பாசனத்துக்கு என்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர்தான் தேங்கியது. 2011-ல் ஹைகோர்ட் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. உப்பை விட்டுவிட்டு எதைச் செய்தாலும் எங்கள் கிணற்றுக்கு ஆகாது சாமி.

கவி: சரிங்க அப்பச்சி, அதனால்தான் ஆய்வகத்தில் கலக்கும் சாயத்தோடு நிறுத்தாமல் நிஜத் தண்ணீரில் பார்க்க வேண்டும் என்கிறேன். உப்பு கொஞ்சம் இருந்தால் கரண்டுக்கு நல்லது, அளவு மீறினால் பாக்டீரியா தாங்காது. பிரபு அண்ணா, ஒரு கேன் தருவீங்களா? எல்லாம் கலந்து வரும் முதல் தொட்டியிலிருந்து, சுத்திகரிப்பு மருந்து போடுவதற்கு முன்னால்.

பிரபு: வியாழக்கிழமை வா. கறுப்புச் சாயம் ஓடுகிறது, அதுதான் கஷ்டமான தண்ணீர்.