பிபி மாத்திரைய விட்டுட்டு மூச்சுப்பயிற்சி மட்டும் போதுமா?

வேப்பமரத்தடி:
அம்மாவுக்கு 58 வயசு, ஆறு வருஷமா பிபி மாத்திரை போடுறாங்க. ரெண்டு மாசமா யோகா கிளாஸ் போறாங்க, அங்க யாரோ மூச்சுப்பயிற்சி பண்ணா மாத்திரையே வேணாம்னு சொல்லிட்டாங்க போல. நேத்து பெட்ஷீட் மாத்தும்போது தலகாணி உறைக்குள்ள ஒன்பது மாத்திரை கிடந்துச்சு, எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. மெஷின்ல பாத்தா 158/96. அவங்ககிட்ட சண்டை போட மனசில்ல, அதுல நிஜமா பலன் இருக்கான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வார்டு டூட்டி:
நான் நர்ஸ். முதல்ல டாக்டர்கிட்ட அந்த ஒன்பது மாத்திரைய மறைக்காம சொல்லுங்க, இல்லன்னா மருந்து கேக்கலன்னு நெனச்சு டோஸ ஏத்திடுவாங்க. என்ன மாத்திரைன்னும் பாருங்க, பீட்டா பிளாக்கர், குளோனிடின் மாதிரி மருந்த சட்டுனு நிறுத்தினா பிபி எகிறிடும். அப்புறம் படியேறி வந்த உடனே பாக்காதீங்க. அஞ்சு நிமிஷம் முதுகு சாஞ்சு, கால தரையில வச்சு, பேசாம உக்காந்து, கை நெஞ்சு மட்டத்துல இருக்கும்போது பாக்கணும்.

மெதுமூச்சு:
பலன் இருக்குங்க, அம்மா நம்புறது பொய்யில்ல. லண்டன்ல டாக்டர் சந்திரா பட்டேல் 1975ல 34 பிபி நோயாளிங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு பாத்தாங்க, ஆறு வாரம் யோகா ரிலாக்சேஷனும் பயோஃபீட்பேக்கும் (உடம்போட மாற்றத்த கருவில பாத்து கட்டுப்படுத்தப் பழகுறது) கத்துக்கிட்டவங்களுக்கு சராசரி 168/100ல இருந்து 141/84க்கு வந்துச்சு, சும்மா ரெஸ்ட் எடுத்தவங்களுக்கு 169/101ல இருந்து 160/96 தான். ஆனா அது சின்ன ஆய்வு, எல்லாருக்கும் அவ்வளவு இறங்கும்னு எதிர்பாக்காதீங்க, பொதுவா சில பாயின்ட் தான். அமெரிக்க இதய சங்கமும் 2013ல கருவி வழிகாட்ட மெதுவா மூச்சு விடுற பயிற்சிய சிகிச்சையோட சேத்துக்கிற துணைன்னு தான் சொல்லுச்சு. நான் மாத்திரையும் போட்டுட்டு தினம் 15 நிமிஷம் பண்றேன், நிமிஷத்துக்கு ஆறு ஏழு மூச்சு, உள்ள இழுக்கறத விட வெளிய விடுறது நீளமா. ஒரு வாரம் விட்டாலே எனக்கு ரீடிங்ல தெரியுது.

வேப்பமரத்தடி:
ரொம்ப நன்றிங்க. மாத்திரைய நிறுத்தாம பயிற்சியும் பண்ணுங்கம்மான்னு சொன்னதும் அழுதுட்டாங்க, வாழ்நாள் பூரா மாத்திரையான்னு பயந்துருக்காங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறேன். கிளாஸ்ல கபாலபாதி, அதான் வேகவேகமா மூச்ச வெளிய தள்ளுற பயிற்சி, சொல்லித் தராங்களாம், பண்ணலாமா? கண்ண மூடினா மனசு எங்கயோ ஓடுதுன்னும் சொல்றாங்க.

வார்டு டூட்டி:
கபாலபாதி, மூச்ச அடக்கறது ரெண்டும் பிபி கட்டுக்குள்ள இல்லாதவங்களுக்கு வேணாம், மாஸ்டர்கிட்ட பிபி இருக்குன்னு சொல்லச் சொல்லுங்க. மனசு ஓடுறவங்களுக்கு ஜேக்கப்சன்னு ஒரு டாக்டர் கொண்டு வந்த தசை தளர்த்துற பயிற்சி நல்லா ஒத்துவரும். படுத்துக்கிட்டு கால்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு இடமா லேசா இறுக்கி அஞ்சு செகண்ட்ல அப்படியே விடணும், இறுக்கும்போது மூச்ச பிடிக்கக் கூடாது. முதல் நாலு நாள் நீங்களும் பக்கத்துல படுத்து கூடவே பண்ணுங்க.