"இது நிஜமில்லடா!" என்று கத்திய ராத்திரி: உங்கள் வான்சண்டை அனுபவங்களைச் சொல்லுங்கள்

திருப்பரங்குன்றம் டோமஹாக்:

நானே ஆரம்பிக்கிறேன். மானம் போன கதைதான்.

மதுரையைச் சுற்றி ஆளுக்கொரு ஊரிலிருந்து ஏழு பேர், சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் கூடுவோம். ஐஎல்-2 கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் என்ற இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டைக் கணினி விளையாட்டு, களம் வட ஆப்பிரிக்காவின் டோப்ரூக் பாலைவனம். விதிகளை வகுத்தவன் நான். எதிரி விமானத்தின் மேல் பெயர் மிதக்கக் கூடாது, வெளியிலிருந்து பார்க்கும் கேமரா கூடாது, இன்ஜின் சூட்டையும் ரேடியேட்டரையும் அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இது போக எழுதாத விதி ஒன்று: 109 (ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானம்) ஓட்டுகிறவன் 109 மாதிரி ஓட்ட வேண்டும். உயரத்திலிருந்து பாய், சுடு, வந்த வேகத்திலேயே மேலே ஏறிப் போ. வட்டமடிக்காதே.

அன்றைக்கு நாங்கள் நான்கு பேர் டோமஹாக் என்ற அமெரிக்கப் போர் விமானத்தில். மேலே ஒரே ஒரு 109 எஃப் (109-இன் ஒரு வகை), அலங்காநல்லூர் தம்பி. அவனைப் பார்த்ததும் சக்கரம் கட்டினோம். ஒருவன் வாலை அடுத்தவன் காவல் காக்கிறபடி நான்கு பேரும் ஒரே வட்டத்தில் சுற்றுவது. எவன் வாலைப் பிடிக்க வந்தாலும், பின்னால் வருகிறவன் துப்பாக்கிக்கு நேராக வந்து மாட்டுவான்.

பாய்ந்தான். ஆனால் ஏறிப் போகவில்லை. அப்புறம் பதிவை ஓட்டிப் பார்த்தபோதுதான் என்ன செய்தான் என்று புரிந்தது. இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை அடியோடு இழுத்திருக்கிறான். இறக்கையின் முன்விளிம்பில், மெதுவாகப் போகும்போது தானாக வெளிவரும் ஸ்லாட் தகடு இரண்டும் வெளியே வந்து நிற்கின்றன. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கிற ஃபிளாப் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எங்கள் வட்டத்துக்குள்ளேயே ஒரு சின்ன வட்டம் போட்டு, விமானத்தைக் குறிபார்க்காமல் அதன் மூக்குக்கு முன்னால் வெறும் காற்றைச் சுட்டான். விமானம் தானாகப் போய்க் குண்டில் விழுந்தது. ஒன்று, இரண்டு. மூன்றாவது நான்.

"டேய், இது நிஜமில்லடா! 109 இப்படியெல்லாம் சண்டை போடாது!" என்று மைக்கில் கத்தினேன். பக்கத்து அறையில் அப்பா விளக்கைப் போட்டார்.

அவன் நிதானமாகச் சொன்னான்: "அண்ணே, வாடிவாசல்ல இருந்து நேரா ஓடிப் போற மாடும் மாடுதான். நின்னு வெளையாடுறதும் மாடுதான். நின்னு வெளையாண்டா அது மாடே இல்லைம்பீங்களா?"

மறுநாள் ஹான்ஸ்-யோவாகிம் மார்சே என்ற ஜெர்மன் போர் விமானியைப் பற்றி வாசித்தேன். பெயர் தெரியும், எப்படிச் சண்டை போட்டார் என்று தேடிப் பார்த்ததில்லை. அதே வட ஆப்பிரிக்கா, அதே 109 எஃப். அவர் வீழ்த்திய கணக்கில் 158 விமானங்கள். 1942 செப்டம்பர் 30 அன்று இறந்தபோது வயது 22தான். சக்கரம் கட்டியவர்களின் வட்டத்துக்குள் புகுவது, திராட்டிலைக் குறைப்பது, ஃபிளாப்பை இறக்குவது, முன்கூட்டிக் கணித்துச் சுடுவது, எல்லாமே அவர் செய்ததுதான். அந்தக் காலத்து வழக்கமோ இதற்கு நேர் எதிர். 352 விமானங்கள் கணக்கு வைத்திருந்த இன்னொரு ஜெர்மன் விமானி எரிக் ஹார்ட்மன், முன்கண்ணாடி முழுக்க எதிரி நிறையும்வரை விசையைத் தொடாதவர். அவர் ஓட்டியதும் 109தான். அப்படியானால் நான் சொன்ன "109 மாதிரி" யாருடைய 109 மாதிரி?

நிஜமில்லாதது எங்கள் ஆட்டத்தில் வேறொன்று இருந்தது. நேருக்கு நேர் மோதப் போவதற்கு எங்களில் ஒருத்தனுக்கும் பயமில்லை. செத்தால் அரை நிமிடத்தில் புது விமானம். சரி, ஒரு ராத்திரிக்கு ஒரே உயிர் என்று ஒரு வாரம் விதி போட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிடம் எல்லோரும் உச்சத்தில் பருந்து மாதிரி சுற்றினோம், ஒரு குண்டு செலவாகவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று தரையிறங்கிய தம்பி திரும்பி வரவே இல்லை. அந்த விதி அதோடு சரி.

அலங்காநல்லூர் 109:

அண்ணன் என்னை ஏதோ மார்சே ரேஞ்சுக்கு ஏற்றிவிட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் ஜாய்ஸ்டிக் பழசு, இரண்டாம் கையில் வாங்கியது. கைப்பிடியைத் திருகினால் ரட்டர், அதாவது மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் சுக்கான், வேலை செய்ய வேண்டும். வலப்பக்கம் திருகினால் பாதியில் துள்ளும். 109-இல் முழு திராட்டிலில் மெதுவாகப் போனால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது ரட்டரை மிதித்துப் பிடிக்க வேண்டும். எனக்கு அது முடியாது. திராட்டிலைக் குறைத்தால் இழுப்பு குறையும், விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டும் கருவியின் பந்து நடுவில் நிற்கும், குண்டு நேராகப் போகும். அவ்வளவுதான் ரகசியம்.

உயரத்திலேயே இருக்காமல் கீழே வருவதற்கும் காரணம் இருக்கிறது. என் மானிட்டர் சின்னது. மூவாயிரம் மீட்டர் கீழே போகிற விமானம் மணலில் ஒரு எறும்புகூட இல்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தானே சண்டை போட முடியும்?

மேலூர் ஸ்பிட்ஃபயர்:

நான் அண்ணன் கட்சி. நிஜத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன், எனக்கென்று ஒரு பாணி வந்ததே அதனால்தான்.

விளையாட்டில் இங்கிலீஷ் கால்வாய், 1940, பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் முதல் மார்க். முன்னால் போன 109 சட்டென்று மூக்கைக் கீழே அமுக்கியது. நானும் ஸ்டிக்கை முன்னால் தள்ளினேன். இன்ஜின் இருமி நின்றேவிட்டது. கம்ப்யூட்டர்தான் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது: ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கார்புரேட்டரில் மிதவை உண்டு, உடம்பு இருக்கையிலிருந்து எழும்புகிற அந்த நொடியில் பெட்ரோலும் மேலே எழும்பிவிடும், இன்ஜினுக்குப் போகாது. 109-க்கு நேரடியாகப் பீச்சும் பம்ப், அதற்கு இந்தக் கவலை கிடையாது. 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோகத் தகட்டைப் போட்டுத்தான் அதைப் பெருமளவு சமாளித்தார்கள்.

அதுவரை விமானிகள் செய்ததைத்தான் நானும் பழகினேன். தள்ளாதே, மல்லாக்கப் புரட்டு, அப்புறம் இழு. இப்போது எந்த விமானத்தை ஓட்டினாலும், தேவையே இல்லாவிட்டாலும், கை தானாகப் புரட்டுகிறது. இந்தக் கார்புரேட்டர் கோளாறை விளையாட்டில் வைக்காமல் விட்டிருந்தால் நான் இப்படிப் பறந்திருக்கவே மாட்டேன். துப்பாக்கி விஷயமும் அப்படித்தான். இறக்கைகளில் இருக்கிற எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கியும் சேர்ந்து சுட்டால் சுமார் பதினைந்து நொடியில் குண்டு காலி. எல்லாத் துப்பாக்கிகளின் குண்டுகளும் 400 கஜத் தூரத்தில் குவிய வேண்டும் என்றது அன்றைய விமானப்படை மேலிடம். பல விமானிகள் 250-க்குக் குறைத்துக்கொண்டார்கள். நான் 200-இல் வைத்திருக்கிறேன், எனக்குப் பொறுமை கிடையாது.

திருப்பரங்குன்றம் டோமஹாக்:

தம்பி, ரட்டர் துள்ளுவதற்கு உள்ளே திருகலை அளக்கிற பொட்டென்ஷியோமீட்டர் என்ற சின்ன பாகம்தான் காரணம். டவுன்ஹால் ரோட்டில் கேட்டால் கிடைக்கும், சால்டரிங் நானே செய்து தருவேன். ஆனால் அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, சனிக்கிழமை மறுபடியும் உன் முன்னால் வந்து நிற்கலாமா என்றுதான் யோசிக்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?