ஜூன் தொடக்கத்தில் லடாக் நடைப்பயணம்: சென்னையில் செய்த பயிற்சி போதுமா?

கல்மண்டபத்தான்:

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் ஒரே பள்ளியில் படித்த நாங்கள் ஐந்து பேர், கத்திரி வெயில் முடிந்த கையோடு, ஜூன் முதல் வாரத்தில் லடாக்கிற்குச் சென்று மார்க்கா பள்ளத்தாக்கில் நடக்கலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். விடுப்பு மொத்தம் 11 நாட்கள். சென்ட்ரலில் ரயிலேறி டெல்லி, அங்கிருந்து மணாலி வழியாகச் சாலையில் லே, லே சேர்ந்த மறுநாளே நடை என்று ஒரு பயண ஏற்பாட்டாளர் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதங்களாக விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை முதுகுச் சுமையோடு நடந்து வருகிறோம்; சென்ற மாதம் திருமலைக்கு அலிபிரி வழியாக 3,550 படிகளையும் மூன்று மணி நேரத்திற்குள் ஏறி முடித்தோம். வெயிலும் எங்களுக்குப் பழகியதுதான். இந்தப் பயிற்சி போதுமா, அட்டவணையில் எதையாவது மாற்ற வேண்டுமா என்று போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். எங்களில் ஒருவனுக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

பெரம்பூர் நடையர்:

தம்பி, உங்கள் பயிற்சியில் குறை ஒன்றும் இல்லை. அட்டவணைதான் எனக்குக் கவலையளிக்கிறது. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மார்க்கா பாதையில் கடைசியாகக் கடக்க வேண்டிய கொங்மாரு கணவாய் ஏறக்குறைய 5,200 மீட்டர். அங்கே அது பாதியை ஒட்டி வந்துவிடும். அலிபிரி படிகள் உங்கள் கால்களையும் நெஞ்சையும் உறுதிப்படுத்தியிருக்கும், ஆனால் குறைந்த காற்றில் வாழ உடம்பு பழகுவதற்கு நாட்கள்தான் தேவை, அந்த நாட்களுக்கு எந்த உடற்பயிற்சியும் ஈடாகாது. நான் போன குழுவில் எங்கள் எல்லோரையும்விட வலுவாக நடந்த நண்பருக்குத்தான் அந்தக் கணவாய்க்கு முந்தைய நிமாலிங் முகாமில் முதலில் தலை வெடிப்பதுபோல் வலித்தது; வேகமாக ஏற முடிந்ததாலேயே அவர் நிதானிக்காமல் ஏறிவிட்டார். அன்று மாலையே அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஹாங்கர் கிராமத்திற்கு இறங்கினோம்.

மணாலி சாலை ஜூன் முதல் வாரத்தில் திறந்திருந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். அந்தச் சாலையில் பலரும் இரவு தங்கும் சர்ச்சு, லேயைவிடச் சுமார் 800 மீட்டர் உயரம். மேலே போய்ப் படுத்துவிட்டுக் கீழே வருவது, பழகாத உடம்புக்குத் தலைகீழான முறை. சாலையில்தான் போக வேண்டுமென்றால் ஸ்ரீநகர், கார்கில் வழி சிறந்தது. கார்கில் 2,700 மீட்டரை ஒட்டியே இருப்பதால் உடம்பு படிப்படியாக ஏறும். ஆனால் உங்கள் 11 நாட்களில் ரயிலுக்கே போக ஒன்றரை, வர ஒன்றரை என மூன்று நாட்கள் கழிந்துவிடும். ஆகவே டெல்லியிலிருந்து விமானத்தில் லே சென்று, அங்கே முழுதாக மூன்று இரவுகள் தங்கி, பிறகு லிகிரிலிருந்து யாங்தாங், ஹெமிஸ் சுக்பச்சன் வழியாகத் தெமிஸ்காம் வரை செல்லும் ஷாம் பள்ளத்தாக்குப் பாதையில் மூன்று நாட்கள் நடங்கள். அதில் எந்தக் கணவாயும் 4,000 மீட்டரைத் தொடுவதில்லை. இரவுகளில் வீடுகளிலேயே தங்கலாம். மொட்டை மலைகளுக்கிடையே திடீரென்று வாற்கோதுமை வயலும், சுக்பச்சனுக்குப் பெயர் தந்த ஜூனிப்பர் மரங்களும் பச்சையாகத் தெரியும் அந்த வளைவில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

தண்டையார்பேட்டை செவிலியர்:

சகோதரரே, முன்னவர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், படுக்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலியோடு குமட்டலோ அசதியோ இருந்தால் அது மலைநோய் என்றே கொண்டு, குறையும்வரை மேலே ஏறாமல் இருங்கள். நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார், பேச்சு குழம்புகிறது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால், இரவானாலும் உடனே கீழே இறக்கிவிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கு ஆபத்து. மலைநோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை உயரம் செல்வதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம், ஆனால் அது சல்ஃபா வகையைச் சேர்ந்த மருந்து. ஒவ்வாமை உள்ள உங்கள் நண்பர், முன்பு எந்த மருந்துக்கு என்ன நேர்ந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லி, அவர் முடிவின்படியே நடக்க வேண்டும். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

காசிமேடு:

வெயில் பழகியதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள்; அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் ஊரில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், லேயில் 100 மில்லிமீட்டரே பெரிது. மேகமூட்டமான நாளில் நம் துறைமுகத்தில் கருவாடு எவ்வளவு மெதுவாகக் காய்கிறது என்பதையும், வறண்ட காற்று அடித்தால் எப்படிச் சட்டென்று சுருங்குகிறது என்பதையும் பார்த்திருப்பீர்கள். அங்கே அந்த வறண்ட காற்றுதான் நாள் முழுவதும். இங்கே சட்டை நனைந்தால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். அங்கே வியர்வை தோலில் தங்காமல் போய்விடுவதால் நமக்கு வியர்த்ததே தெரியாது. மாலையில் முதுகுப்பையைக் கழற்றியபோது, அதன் பட்டை அழுந்திய இடத்தைச் சுற்றி என் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்ததைக் கண்டுதான் எவ்வளவு நீர் வெளியேறியது என்று எனக்குப் புரிந்தது. ஆகவே தாகத்திற்குக் காத்திருக்காமல், மணிக்கொருமுறை குடியுங்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்திற்கும் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பதால், கறுத்த தோல் என்று நம்பிவிடாமல் முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். பகல் வெயிலில் பனி உருகி, விடியலில் கணுக்காலளவு இருந்த நீர் பிற்பகலில் முழங்காலுக்கு வந்துவிடும்.

கல்மண்டபத்தான்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு ஐவரும் கூடிப் பேசி, மணாலி வழியை விட்டுவிட்டு டெல்லியிலிருந்து விமானத்தில் செல்வதென்றும், ஷாம் பாதையில் நடப்பதென்றும் முடிவு செய்துவிட்டோம். சல்ஃபா ஒவ்வாத நண்பனை வரும் சனிக்கிழமை மருத்துவரிடம் நானே அழைத்துச் செல்கிறேன். மூன்று இரவுகள் லேயில் சும்மா இருப்பது எப்படி என்று அவன்தான் முதலில் முறையிட்டான். செவிலியர் அம்மா எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டான்.