தொழுகையில் மனம் நிற்க என்ன செய்கிறீர்கள்?

அஸ்ஸலாமு அலைக்கும். காக்காமார், லாத்தாமார், ஆலிம்கள் எல்லோரிடமும் ஓர் உதவி.

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் நண்டு, கணவாய் வாங்கி அனுப்பும் வியாபாரம் எனக்கு. விசைப்படகுகள் கரை திரும்பும் நாளில் விடியற்காலை சுப்ஹு தொழுகைதான் பெரிய சோதனை. ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கியதும் ஏல விலை, ஐஸ், வண்டி வாடகை என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தா ஒன்றா இரண்டா என்றே சந்தேகம் வருகிறது.

வெளிக்காரியங்கள் ஓரளவு சரி. போனை வண்டியிலேயே வைத்துவிடுகிறேன், மீன் வாடை அடிக்கும் கைலியை மாற்றிக்கொள்கிறேன். சாப்பாடு முன்னால் இருக்கும்போதும், மலஜலத்தை அடக்கிக்கொண்டும் தொழ வேண்டாம் என்ற ஹதீஸ் தெரியும். வேலைப்பாடுள்ள போர்வை கவனத்தைத் திருப்பியதால் நபி (ஸல்) அவர்கள் அதைக் கொடுத்து அனுப்பிவிட்டதையும் மார்க்கப் பயானில் கேட்டேன். அவர்களே அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள்!

உள்ளே ஓடும் கணக்கை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை. கை, முகம், கால் கழுவி ஒளு செய்த பின், தக்பீருக்கு முன் நீங்கள் என்ன செய்வீர்கள்? அல்லாஹ்வை நினைத்து திக்ரா, சும்மா உட்காருவதா? வழக்கமாக ஓதும் குர்ஆனின் சின்ன சூராக்களை வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. பொருள் புரிந்து ஓத ஆசை. வேதாளை, பெரியபட்டினம் பக்கம் மாலையில் பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஹழ்ரத் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், கடல் தொழிலில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.