மறு: 'காப்பீட்டுத் தொல்லியல்' சரியான சொல்தானா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

தொலைந்துபோன பழைய காப்பீட்டுப் பாலிசிகளைத் தேடி, அவை இருந்ததை நிரூபிக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'இன்சூரன்ஸ் ஆர்க்கியாலஜி' என்று பெயர். அதற்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: காப்பீட்டுத் தொல்லியல், காப்புறுதி அகழாய்வு, பாலிசித் துப்பறிதல். மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை. காரணம் சொல்வதற்கு முன், அந்த வேலை அமெரிக்காவில் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே டிரை கிளீனிங் கடைகளில் பல பத்தாண்டுகளாகப் புழங்கிய கரைப்பான் பெர்குளோரோஎத்திலீன். சுருக்கமாக 'பெர்க்'. தண்ணீரைவிடக் கனமானது. தரையில் சிந்தினால் கான்கிரீட்டில் ஊறி மண்ணுக்குள் இறங்கும். நிலத்தடி நீரை எட்டினாலும் மிதக்காது; இன்னும் கீழே போய்க் களிமண் அடுக்கு தடுக்கும் இடத்தில் தேங்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கடையை மூடி வெகுகாலம் கழித்து, இடத்தை வாங்க வருபவர் மண்ணைச் சோதிக்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. 1980 டிசம்பரில் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம் (மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்வதற்கான அமெரிக்கச் சட்டம்), இன்றைய உரிமையாளரையும் கசிவு நடந்த காலத்தில் கடையை நடத்தியவரையும் பொறுப்பாக்குகிறது. அலட்சியமாக இருந்தாரா என்று அது கேட்பதில்லை. சட்டம் வருவதற்கு முன் கொட்டியதற்கும் சேர்த்துத்தான் பொறுப்பு. சுத்தம் செய்யும் செலவைக் கேட்டால் ஒரு குடும்பக் கடை அப்படியே உட்கார்ந்துவிடும்.

பழைய பாலிசிக்கு வேலை வருவது இங்கேதான். 1960, 70களில் அந்தக் கடைக்காரர், அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு ஈடு தரும் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருப்பார், கட்டட உரிமையாளர் கேட்டார் என்பதற்காகவாவது. 1966இல் அந்தப் பாலிசிகளின் பொது வாசகம் 'விபத்து' என்பதிலிருந்து 'நிகழ்வு' என்பதற்கு மாறியது. சேதம் பாலிசிக் காலத்துக்குள் நிகழ்ந்திருந்தால் போதும், கோரிக்கை எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அந்தப் பாலிசி பதில் சொல்லியாக வேண்டும். 1968இல் கட்டிய பிரீமியத்துக்கு இன்றும் உயிர் இருக்கிறது! சொந்த மண்ணுக்கு நேர்ந்த சேதத்துக்கு இந்தப் பாலிசி பொதுவாகப் பணம் தராது. ஆனால் பெர்க் நிலத்தடி நீரோடு வேலி தாண்டிவிட்டால் அது அடுத்தவருக்கு நேர்ந்த சேதம்.

1973 வாசகத்தில் மாசுக்கு இடம் குறுகிவிட்டது: 'திடீரென்றும் தற்செயலாகவும்' நேர்ந்தால் மட்டும்தான். 1986 வாசகத்தில் கிட்டத்தட்ட முழுக்கவே கதவை அடைத்துவிட்டார்கள். அதனால் 1986க்கு முந்தையவற்றைத்தான் முதலில் தேடுவார்கள். இண்டியானாவில் மட்டும் நிலைமை வேறு. கைகர் வழக்கில் 1996இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஒரு பெட்ரோல் பங்க் கசிவை வைத்து, பிற்கால வாசகமும் தெளிவில்லாதது என்று பாலிசிதாரர் பக்கம் நின்றது. டிடிடி தயாரித்த மாண்ட்ரோஸ் நிறுவனத்தின் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது இன்னும் முக்கியம்: சேதம் தொடர்ந்துகொண்டிருந்த ஒவ்வொரு வருடத்தின் பாலிசிக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு பாலிசி கிடைத்ததும் நிறுத்தாமல், வருடம் வருடமாகத் தேடுவது இதனால்தான்.

ஆனால் பாலிசி யார் கையிலும் இருக்காது. பேரேட்டில் பிரீமியம் பற்று எழுதிய வரி, வங்கியிலிருந்து திரும்பிய காசோலை, வாடகை ஒப்பந்தக் கோப்பில் செருகிக் கிடக்கும் காப்பீட்டுச் சான்று, முகவர் எழுதிய கடிதம், பழைய வழக்குக் கட்டு என்று துழாவுவார்கள். ஒரு காசோலையின் ஓரத்தில் பாலிசி எண் கிடைத்துவிட்டால், அந்த வருடம் அந்த நிறுவனம் கொடுத்த பொது வாசகத்தை வைத்து மீதியை நிரூபிக்கலாம். அப்புறம் அந்த நிறுவனத்தின் வாரிசு யார் என்று பார்க்க வேண்டும். உதாரணமாக, லண்டன் காப்பீட்டுச் சந்தையான லாய்ட்ஸின் 1992 வரையிலான பொறுப்புகள் 1996இல் ஈக்விடாஸ் என்ற நிறுவனத்துக்குப் போய், பிறகு பெர்க்‌ஷயர் ஹாத்தவே குழுமத்திடம் வந்து சேர்ந்தன.

இனி சொற்களுக்கு வருகிறேன். 'தொல்லியல்' வேண்டாம் என்று நான் சொல்வது, கிடைப்பது காட்சிப்பொருள் இல்லை என்பதால். அது இன்றும் செல்லுபடியாகும் ஒப்பந்தம். 'அகழாய்வு' இன்னும் சிக்கல்: மாசுபட்ட மனையில் மண்ணை நிஜமாகவே தோண்டி அகற்றுவார்கள். 'அகழ்வுச் செலவு' என்று அறிக்கையில் எழுதினால் மண்ணுக்கா, காகிதத்துக்கா? 'துப்பறிதல்' குற்ற வாடை அடிக்கிறது.

என் முன்மொழிவு: பழம்பாலிசித் தேட்டம். தேட்டம் என்பதில் தேடலும் இருக்கிறது, தேடிச் சேர்த்த பொருளும் இருக்கிறது. ஈழத்தில் இன்றும் பேச்சில் இருக்கும் சொல். செய்பவர் பழம்பாலிசித் தேடுநர். 'பாலிசி' வேற்றுச் சொல்தான். ஆனால் தமிழகத்தின் காப்பீடா, இலங்கையின் காப்புறுதியா என்று இரு கரையும் பிரிய வேண்டியதில்லை, எல்.ஐ.சி. அதை வீட்டுச் சொல்லாக்கியும் விட்டது. இலங்கையில் எடுபடுமா என்பதை அங்குள்ள நண்பர்கள் சொன்னால் நல்லது.

1966 வாசகத்தில் வந்த, நான் மேலே 'நிகழ்வு' என்று எழுதிய ஆங்கிலச் சொல்லுக்குச் ('அக்கரன்ஸ்') 'சம்பவம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சம்பவம் என்றால் ஒரு நாள், ஒரு நேரம். மெதுவான கசிவையும் உள்ளே கொண்டுவரத்தான் அந்த வாசகத்தையே மாற்றினார்கள். 'நிகழ்' என்ற வேருக்குத் தொடர்ந்து நடப்பதும் அடங்கும், நிகழ்காலம் என்கிறோம் அல்லவா? ஆகவே நிகழ்வுவழிப் பாலிசி. அதன் எதிர், கோரிக்கை எந்தக் காலத்தில் வந்தது என்று பார்க்கும் கோரிக்கைவழிப் பாலிசி.

ஒன்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1986இல் மாசுக்குக் கதவடைத்த விதியை என்னவென்று சொல்வது? 'மாசு விலக்கு' என்றால் மதுவிலக்கு மாதிரி, மாசையே தடைசெய்கிற சட்டம் என்று படிப்பார்கள். 'மாசு நீங்கல்' என்றால் சுத்தமாகிவிட்டது என்றே பொருள் போய்விடும். இப்போதைக்கு 'மாசுக்குக் காப்பின்மை விதி' என்று எழுதி வைத்திருக்கிறேன். நீளமாக இருக்கிறது. குழப்பமில்லாமல் இதைவிடச் சின்னதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.