வி-கிராஸ்: லிஃப்ட் போட்ட பிறகு அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்ல உரசுது, வழி சொல்லுங்க

வணக்கம். வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். லிஃப்டுக்காக, அதாவது வண்டியை உயர்த்த, முன்னாடி ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில 30 மி.மீ. ஸ்பேசர் (இடையில வைக்கிற கட்டை) போட்டதுல சக்கரத்துகிட்ட வண்டி சுமார் 60 மி.மீ. ஏறியிருக்கு. அப்பர் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோட இணைக்கிற மேல் கை) வண்டியோட வந்ததுதான்.

ஸ்பீடு பிரேக்கர் தாண்டி முன்சக்கரம் தொங்குற நொடியில இடப்பக்கம் 'டக்'னு ஒரு அடி. சமதளத்துல சத்தமே இல்ல. சேஸிஸ்ல ஜாக்கி கொடுத்து ரெண்டு சக்கரத்தையும் தொங்கவிட்டுப் பார்த்தாச்சு: வலப்பக்கம் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் 4 மி.மீ. இடைவெளி, இடப்பக்கம் ஒரு தாள்கூட நுழையல. மேலிருந்து ரெண்டாவது சுருள்ல கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயின்ட் போய்ப் பளபளன்னு இருக்கு. ஆர்மோட உள்விளிம்புலயும் அதே தடம். ஸ்டெபிலைசர் லிங்க்கை (திருப்பத்துல வண்டி சாயுறதைக் குறைக்கிற கம்பியோட இணைப்பு) கழட்டி ஓட்டினாலும் சத்தம் மாறல. ஆர்மோட மூட்டுகளான பால் ஜாயின்ட், புஷ் ரெண்டுலயும் ஆட்டம் இல்ல. டயர் எங்கயும் தொடல, ஃபெண்டர் லைனர்ல (சக்கரத்துக்கு மேல இருக்கிற உள்மூடி) தடவின சாக்பீஸ் அப்படியே இருக்கு.

காரணம் தெளிவு. ஸ்பேசர் ஸ்ட்ரட்டையே கீழ தள்ளுது, ஷாக்கோட நீளம் குறையல. அதனால சக்கரம் முன்னைவிட அதிகமா இறங்க, ஆர்ம் சாஞ்சு சுருளைத் தொடுது.

தெரிய வேண்டியது: ஸ்பேசரை 20 மி.மீ. ஆக்கினா போதுமா, இல்ல லிஃப்டுக்குன்னே வர்ற வளைஞ்ச அப்பர் ஆர்ம்தான் வழியா? இடப்பக்கம் மட்டும் அதிகமா உரசுறது ஸ்பிரிங் முனை அதோட சீட்ல (ஸ்பிரிங்கைத் தாங்குற தட்டு) சரியா உட்காராததாலயா? லிமிட் ஸ்ட்ராப் (சக்கரம் அளவுக்கு மேல இறங்காம பிடிக்கிற பட்டை) போட்டவங்க எவ்வளவு நீளம் வச்சீங்க?

ஆர்மைக் கிரைண்டர்ல தேய்க்கிற யோசனை மட்டும் வேண்டாம். அது பாரம் தாங்குற இடம்.