டீஃபால்ட் உலாவியை மாற்ற விண்டோஸ் போடும் பூட்டு: பாதுகாப்பா, தடையா?

கரிசல்காடு

புதிதாக ஒரு உலாவியை நிறுவி, அதற்குள்ளேயே ‘இதை டீஃபால்ட் ஆக்கு’, அதாவது இணைப்புகள் இனி இதிலேயே திறக்கட்டும் என்று அழுத்துகிறோம். விண்டோஸில் பெரும்பாலும் அத்தோடு வேலை முடிவதில்லை. செட்டிங்ஸ் பக்கம் திறக்கும், அங்கே போய் அதே விருப்பத்தை இன்னொரு தடவை சொல்ல வேண்டும். விண்டோஸ் 7 வரை இப்படி இல்லை. உலாவி கேட்கும், சரி என்போம், மாறிவிடும்.

2015-ல் விண்டோஸ் 10 வந்தபோதே ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் அன்றைய தலைமை நிர்வாகி கிறிஸ் பியர்ட் இதை எதிர்த்து மைக்ரோசாஃப்ட் தலைமை நிர்வாகி சத்ய நாதெள்ளாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய விண்டோஸிலிருந்து மேம்படுத்தும்போது பயனர் ஏற்கெனவே வைத்திருந்த தேர்வே அழிந்து மைக்ரோசாஃப்டின் சொந்த உலாவியான எட்ஜ் வந்து உட்கார்ந்துவிடுகிறது என்பது அவருடைய முக்கியமான புகார். கணினி என்னுடையது, பொத்தானை அழுத்தியதும் நான்தான். அது ஏன் போதாது? பூட்டை எடுத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

திருப்புளி

எடுக்கவே கூடாது. நான் 14 வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். 2010-ஐ ஒட்டிய வருடங்களில் கடைக்கு வந்த கணினிகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏதோ ஒரு இலவச வீடியோ கன்வெர்ட்டரை இறக்கி ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டியிருப்பார்கள். கூடவே மூன்று டூல்பார், பெயர் தெரியாத ஒரு உலாவி, முகப்புப் பக்கம் முழுக்க விளம்பரம். அவர்களும் பொத்தானை அழுத்தியவர்கள்தான். எதற்கு அழுத்தினோம் என்பதுதான் தெரியாது.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்றும் சொல்கிறேன். எந்த வகை இணைப்பை எந்த நிரல் திறக்க வேண்டும் என்ற தேர்வு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘யூசர்சாய்ஸ்’ என்ற இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் அதன் பக்கத்திலேயே முத்திரை போல ஒரு ஹாஷ் மதிப்பும் சேர்ந்தது. பயனரின் அடையாள எண், நிரலின் அடையாளம், நேரம் எல்லாம் சேர்த்துக் கணக்கிடப்படுவது அது. வெளியிலிருந்து ஒரு நிரல் தேர்வை மட்டும் மாற்றி எழுதினால் ஹாஷ் பொருந்தாது, விண்டோஸ் அதை ஏற்காது. இது வந்த பிறகு அந்த மாதிரிக் கணினிகள் என் கடைக்கு வருவது நன்றாகக் குறைந்தது.

கரிசல்காடு

டூல்பார் தொல்லை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் திருட்டைத் தடுக்கப் போட்ட பூட்டு என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரிதானே பூட்டியிருக்க வேண்டும்? எட்ஜ் மட்டும் செட்டிங்ஸ் பக்கமே போகாமல், தனக்குள்ளிருந்தே ஒரு கிளிக்கில் டீஃபால்ட் ஆகிக்கொண்டது. அந்த வழியைப் பிரித்துப் பார்த்துத்தான் 2021-ல் ஃபயர்ஃபாக்ஸும் அதையே செய்யத் தொடங்கியது.

அதே வருடம் அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ஐ நினைத்துப் பாருங்கள். ஒரே பொத்தானில் மாற்றும் வசதி போய்விட்டது. எச்டிஎம், எச்டிஎம்எல், பிடிஎஃப், எஸ்விஜி, வெப்பி, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்று கோப்பு வகைகளும் இணைப்பு வகைகளும் அடங்கிய ஒரு நீண்ட பட்டியலில் ஒவ்வொன்றாக அழுத்தி மாற்ற வேண்டும். இணையம் படிக்க மட்டும் கணினியைத் திறக்கும் ஒரு பெரியவருக்கு எச்டிடிபிஎஸ் என்றால் என்னவென்று தெரிய வேண்டுமா? எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2022 மார்ச் மாத அப்டேட்டில்தான் பொத்தான் திரும்பி வந்தது. திருடனைத் தடுக்கவா அந்தப் பட்டியல்?

திருப்புளி

அந்தப் பட்டியல் தவறு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் அந்த வழியைக் கண்டுபிடித்ததை நீங்கள் வெற்றியாகச் சொல்கிறீர்கள், எனக்கு அது கவலையாக இருக்கிறது. மொசில்லாவால் ஹாஷைக் கணக்கிட முடிந்தால் விளம்பர மால்வேர், அதாவது தீங்கு செய்யும் நிரல் எழுதுகிறவனாலும் முடியும். அதனால்தான் என்று நினைக்கிறேன், 2024 தொடக்கத்தில் இந்தத் தேர்வுகளைக் காவல் காக்கும் யூசிபிடி என்ற டிரைவர் (இயங்குதளத்தின் அடிமட்டத்தில் ஓடும் நிரல்) அப்டேட்டோடு வந்தது. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், பிடிஎஃப் தேர்வுகளை ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் நாமே கைப்பட மாற்றப் போனாலும் அது விடாது. கடுமைதான். நான் வரவேற்கிறேன்.

மலைரயில்

நான் ஒரு அலுவலகத்தில் கணினி நிர்வாகம் பார்க்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு உலாவியை அமைக்க, தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பான ஸ்கிரிப்ட்டை நம்பியிருந்தவர்களுக்கு அந்த டிரைவர் பெரிய இடி. விண்டோஸின் டிஸ்ம் கட்டளையால் இந்தத் தேர்வுகளை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து, அலுவலகக் கணினிகளுக்கு மொத்தமாக விதி போடும் குரூப் பாலிசி வழியாகக் கொடுப்பதுதான் இப்போது முறையான வழி. அது நன்றாகவே வேலை செய்கிறது. வீட்டில் ஒற்றைக் கணினி வைத்திருப்பவருக்கு அந்த வழி உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தேன்சிட்டு

திருப்புளி அண்ணா, நீங்கள் இருவரும் இரண்டே வழிதான் இருப்பதுபோலப் பேசுகிறீர்கள். ஒன்று எந்த நிரலும் இஷ்டத்துக்கு மாற்றலாம், இல்லையென்றால் செட்டிங்ஸ் வரை நடக்க வேண்டும். மேக்கில் பாருங்கள். குரோம் தன்னை டீஃபால்ட் ஆக்கக் கேட்டால், மேக் தானே ஒரு சிறு பெட்டியைக் காட்டும்: குரோமுக்கு மாறவா, சஃபாரியிலேயே இருக்கவா? இரண்டு பெயரும் கண் முன்னால் இருக்கும். தேர்ந்தெடுத்தால் முடிந்தது. கேட்பது நிரல், உறுதி வாங்குவது இயங்குதளம்.

நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டிலும் 10-ஆம் பதிப்பிலிருந்து இதே முறைதான். உலாவி அனுமதி கேட்கலாம், தேர்வுப் பட்டியலைக் காட்டுவது ஆண்ட்ராய்டு. வேண்டாம் என்று மறுத்தும் அது திரும்பக் கேட்டால், ‘மறுபடி கேட்காதே’ என்றும் சொல்லிவிடலாம். லினக்ஸில் இன்னும் திறந்தபடி இருக்கிறது, மைம்ஆப்ஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில்தான் எல்லாம். அது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேக்கின் பெட்டியை விண்டோஸில் வைக்க என்ன தடை?

திருப்புளி

தம்பி, பெட்டி வந்தால் ஜனங்கள் படிக்காமல் சரி என்று தட்டுவார்கள். கடையில் தினமும் பார்க்கிறேன். செட்டிங்ஸ் வரை போக வேண்டியிருந்தால் வேண்டும் என்று நினைப்பவர் மட்டும்தான் போவார். அந்த நாலு அடி நடையே ஒரு வடிகட்டி.

கரிசல்காடு

வேண்டும் என்று நினைப்பவரும் பாதி வழியில் விட்டுவிடுகிறாரே, அந்தக் கணக்கு? ஏற்கெனவே உள்ளே இருக்கும் உலாவிக்கு அந்த நாலு அடியும் கிடையாது. புதிதாக வருபவருக்கு மட்டும்தான்.

இன்னொன்று. நான் எல்லாவற்றையும் முறைப்படி மாற்றினாலும் டாஸ்க்பாரிலிருந்து திறக்கும் விட்ஜெட் பலகையில் வரும் செய்தியும் ஸ்டார்ட் மெனுவில் தேடுவதும் எட்ஜில்தான் திறக்கும். அவை சாதாரண இணைய முகவரியாக வருவதில்லை. ‘மைக்ரோசாஃப்ட்-எட்ஜ்’ என்ற தனி முன்னொட்டோடு வருகின்றன. எட்ஜ்டிஃப்ளெக்டர் என்ற சின்னக் கருவி அதைப் பிடித்து நம் உலாவிக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. பிரேவ் உலாவியும் அந்த வழியைச் சேர்த்தது. 2021 கடைசியில் அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள். இதில் எந்த மால்வேரிடமிருந்து என்னைக் காப்பாற்றினார்கள்?

சட்டம் கேட்டால் முடிகிறது என்பதுதான் மனதை அறுக்கிறது. ஐரோப்பாவில் 2010 மார்ச்சிலேயே உலாவித் தேர்வுத் திரை வந்தது. விண்டோஸ் 7-இன் முதல் சர்வீஸ் பேக்கில் அந்தத் திரை விடுபட்டுப் போனதற்கு 2013-ல் மைக்ரோசாஃப்டுக்கு 56.1 கோடி யூரோ அபராதம். இப்போது பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால் அங்கே எட்ஜையே நீக்க முடிகிறது. விட்ஜெட் இணைப்புகளும் பயனர் தேர்ந்த உலாவியிலேயே திறக்கும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். அதே விண்டோஸ்தான் நம் ஊரிலும் ஓடுகிறது. நமக்கு அந்த வசதி இல்லை.

திருப்புளி

எட்ஜ் முன்னொட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி நண்பரே. அதைப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, இனி சொல்லவும் மாட்டேன். ஹாஷும் டிரைவரும் இருக்கட்டும், எட்ஜுக்கும் அதே கெடுபிடி இருக்கட்டும். எட்ஜுக்கு மட்டும் குறுக்கு வழி இருக்கும் வரை உங்கள் கோபம் நியாயம்தான். பூட்டை மொத்தமாக எடுப்பதற்கு மட்டும் நான் வர மாட்டேன்.

கரிசல்காடு

அந்த அளவுக்கு வந்தீர்களே, சந்தோஷம். தேன்சிட்டு சொன்ன பெட்டியை வைத்தால் நானும் பூட்டை எடுக்கச் சொல்ல மாட்டேன். அது வரும் வரை நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

தேன்சிட்டு

ஒரு சந்தேகம் அண்ணா. விண்டோஸ் 11-ல் அந்தப் பொத்தானை அழுத்தி உலாவியை மாற்றினேன். இணைப்புகள் மாறிவிட்டன, பிடிஎஃப் மட்டும் பழைய இடத்திலேயே திறக்கிறது. பூட்டுதான் காரணமா?

திருப்புளி

இல்லை தம்பி. இங்கே அந்தப் பொத்தான் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், எச்டிஎம், எச்டிஎம்எல் நான்கையும்தான் மாற்றும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் டீஃபால்ட் ஆப்ஸ் போங்கள். மேலே உள்ள தேடல் கட்டத்தில் புள்ளி வைத்து பிடிஎஃப் என்று ஆங்கிலத்தில் அடித்தால் இப்போது எது திறக்கிறது என்று காட்டும். அதன் மேல் அழுத்தி உங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்விஜி கோப்புகள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் அப்படியே தனியாக மாற்ற வேண்டும்.